ஆறரை மரை

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கோவையில் கணபதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த இந்தக் குருவுக்கு நாற்பது வயது. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு, கொண்டையைத் துணியால் இறுகக் கட்டியிருப்பார். பெயர் சிவகாமி. சொந்தமாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பழைய இயந்திரங்களுக்குக் கடையில் கிடைக்காத நட்டு போல்ட்டுகளைக் கடைந்து கொடுப்பது தொழில்.

சீடருக்கு வயது அறுபது. பெயர் வெள்ளியங்கிரி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வேலை வேண்டும், மத்தியானம் வீட்டுக்குப் போய்வர விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் தொழிலின் மேல் ஆசை பிடித்துக்கொண்டது.

குரு சீடரை அண்ணா என்பார். சீடர் குருவை அம்மிணி என்பார். கொங்கு நாட்டில் மரியாதை இப்படித்தான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கும்.

லேத்து சுழலத் தொடங்கும்போதெல்லாம் வெள்ளியங்கிரி வாய்க்குள் "போலாம் ரைட்" என்பார். பஸ்ஸில் ஒட்டிக்கொண்ட பழக்கம். சிவகாமி அதைத் திருத்தவில்லை. அவர் மறந்துபோகும் நாளில், "அண்ணா, விசில்?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்.

வீட்டில் வெள்ளியங்கிரியின் மனைவி சரசு இருந்தார். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் கரைந்துகொண்டே வந்தது. முதலில் அடுப்பை மறந்தார். பிறகு தெருவை மறந்தார். இப்போது கணவரை மறந்திருந்தார். மற்ற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு இருப்பார். மத்தியானச் சோற்றை ஊட்டுவதற்கு வெள்ளியங்கிரிதான் போவார். போகும்போது இருக்கும் நடை திரும்பி வரும்போது இருக்காது.

ஒருநாள் அன்னூர்ப் பக்கத்திலிருந்து மருதாசலம் என்பவர் வந்தார். மாவு மில்காரர். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த, மில்லின் இரும்புக் கை ஒன்றை மேசைமேல் வைத்தார். கையின் முனையில் கட்டைவிரலைவிடத் தடிமனான போல்ட் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கையும் போல்ட்டும் ஒரே இரும்பில் அடித்தவை. மில்லின் இரண்டு கற்களையும் நெருக்கிப் பிடிப்பது இந்த போல்ட்தான். அதில் மாட்டியிருந்த நட் வெடித்துவிட்டது.

"நட்டு போனதிலிருந்து மாவு ரவையா உழுகுதுங்க," என்றார் மருதாசலம். "ராகி அரைக்க வந்தவங்கெல்லாம் கொண்டாந்த சட்டியோட திரும்பிப் போறாங்க."

"எந்த ஊர் மெஷினுங்க?"

"எங்கப்பாரு வாங்கறப்பவே பழசுங்க. கப்பல்ல வந்ததும்பாரு. பேரு போட்டிருந்த தகடு எப்பவோ கழண்டு உழுந்துருச்சு."

சிவகாமி மரையை அளக்கும் கேஜை எடுத்து, அதன் தகடுகளை ஒவ்வொன்றாக போல்ட்டின் நுனியில் வைத்துப் பார்த்தார். மரை என்பது போல்ட்டைச் சுற்றி ஏறும் வரி. ஓர் இஞ்சுக்குள் எத்தனை வரி என்பதில் இருக்கிறது நட்டின் தலையெழுத்து. ஆறு மரைத் தகடு இடித்தது. ஏழும் இடித்தது.

"ஆறரை," என்றார் சிவகாமி.

"ஆறரைன்னு ஒண்ணு இருக்குதுங்களா அம்மிணி?" என்றார் வெள்ளியங்கிரி.

"நான் பார்த்ததில்லீங். செஞ்சவங்க ஆரோ, அவங்க மனசுக்குப் புடிச்ச மாதிரி போட்டிருக்காங்க."

மறுநாள் காலை வெள்ளியங்கிரி உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனார். எங்காவது ஒரு மூலையில் இந்த போல்ட்டுக்கு ஒரு சொந்தம் கிடக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. கடைக்காரரிடம், "ஆறரை நூல் நட்டு இருக்குங்களா?" என்று கேட்டார்.

மரை என்று கேட்டிருக்க வேண்டும். திரெட் என்றால் நூல்தானே என்று வாயில் வந்துவிட்டது. இரும்புக் கடையில் நூல் என்பது தடிமனின் கணக்கு. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு அங்கே ஒரு நூல். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆறு நூல் இருக்கு. ஏழு நூல் இருக்கு. ஆறரைக்கு நான் எங்க போறது?"

"அதையேதானுங்க நாங்களும் பேசிக்கிட்டோம்," என்றார் வெள்ளியங்கிரி, தன் கஷ்டம் புரிந்த ஒருவர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில். "பரவால்லீங், ஏழையே குடுங்க."

வாங்கி வந்த நட், போல்ட்டின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்தது. ஒரு சுற்றுகூட இறங்கவில்லை. நடந்ததை அவர் சொல்லச் சொல்ல சிவகாமி சிரித்தார். முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வெள்ளியங்கிரி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

"கடையில இல்லீன்னா செஞ்சுக்கலாமுங்ண்ணா," என்றார் சிவகாமி. "நீங்களே அளவெடுங்க. நீங்களே வெட்டுங்க."

வெள்ளியங்கிரி போல்ட்டின் நுனியில் அளவெடுத்தார். அங்கே மரை புதுசு போலக் கூர்மையாக இருந்ததால் அளவும் சுத்தமாகக் கிடைத்தது. இரும்புக் கட்டை ஒன்றைத் துளைத்து, உள்ளே மரை வெட்டினார். நுனியில் வைத்துத் திருகியதும் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

"எப்படீங் அம்மிணி?"

"இன்னும் திருகுங்க."

திருகினார். போல்ட்டின் நடுவுக்கு வந்ததும் நட் ஆட ஆரம்பித்தது. விரலால் தட்டினால் தொளதொளவென்று சத்தம் வந்தது.

"நுனியில சரியா இருந்துச்சுங்களே."

"மில்லு ஓடறப்ப நட்டு எங்க நிக்குமுங்க?"

"நடுவுல."

வெள்ளியங்கிரி இன்னொரு முறை அளந்து பார்த்தார். அவர் எடுத்த அளவில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் நட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது சட்டை முழுக்க ரசம். முன்கையில் நகக் கீறல்.

"என்னாச்சுங்ண்ணா?"

"ஒண்ணுமில்லீங் அம்மிணி."

சிவகாமி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"இந்த வாரம் பூராவும் அவளுக்குச் சோறு எறங்கலீங்க," என்றார் வெள்ளியங்கிரி. "நான் உள்ள போனாலே 'வாங்கண்ணா'ங்கறா. அவ அண்ணன் நடராசன்னு நெனைச்சுக்கறா. அவரு செத்துப் பல வருசமாச்சு. 'நான் உன்ற அண்ணன் இல்ல சரசு, உன்ற புருசன் வெள்ளியங்கிரி'ன்னு சொல்றனுங்க. சொன்னதும் மொகமே மாறிடுது. ஆரோ வீட்டுக்குள்ள பூந்துட்டாப்பல சுவத்தோட ஒட்டிக்கறா. வாயில வெச்சதையும் துப்பிர்றா."

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் கத்திட்டனுங்க. தாலியைப் புடிச்சுக் காட்டி, இது ஆரு கட்டுனதுன்னு கேட்டுட்டேன். தட்டைத் தூக்கி என்ற மேலயே வீசிட்டா."

சொல்லிவிட்டு முன்கைக் கீறலைத் தடவிக்கொண்டார்.

"டாக்டர் என்னங்ண்ணா சொல்றாங்க?"

"எடை ரொம்பக் கொறஞ்சுபோச்சாம். இப்படியே உட்டா ஆஸ்பத்திரியில சேர்த்து, மூக்குல ட்யூப் போட்டுத்தான் கஞ்சி உடோணும்ங்கறாங்க. ஒரு கொசு வந்து உக்காந்தாக்கூடப் பயந்துக்கறவளுக்கு ட்யூப்புங்க. கையைக் கட்டிப் போட்டுத்தான் செய்வாங்களாம்." வெள்ளியங்கிரி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு வழி சொல்லுங் அம்மிணி. நான் ஆருன்னு அவளுக்கு எப்படிப் புரியவெக்கறது?"

சிவகாமி யோசித்தார். பிறகு, "அந்த இரும்புக் கையைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டாங்கண்ணா," என்றார்.

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. ஆனாலும் அம்மிணி சொன்னால் செய்துவிடுவது வெள்ளியங்கிரியின் வழக்கம். கொண்டுவந்து வாசலருகே வைத்தார்.

"கண்ணை மூடிட்டு, போல்ட்டு மேல வெரலை ஓட்டுங்க."

ஓட்டினார். நுனியில் வரிகள் விரலைக் கீறின. நடுவுக்கு வந்ததும் மழுங்கி, வழவழவென்று வழுக்கின.

"தேஞ்சிருக்குதுங்க," என்றார்.

"இத்தனை வருசமா பாரத்தை அந்த எடத்துலதானே தாங்குச்சு."

வெள்ளியங்கிரி கண்ணைத் திறந்தார். "அப்ப நடுவுக்குத் தகுந்தாப்பல இறுக்கமா ஒரு நட்டு செஞ்சா?"

"நுனியைத் தாண்டி உள்ள வராதுங்களே. நுனி பெருசா இருக்குதே."

"நுனியை அரம் போட்டு ராவிச் சின்னதாக்கிட்டா?"

சிவகாமி போல்ட்டின் நுனியைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார்.

"இதுல கெடாம இருக்கற எடம் இது ஒண்ணுதானுங்ண்ணா," என்றார். "இதையும் ராவிரலாமா?"

சிவகாமி அலமாரியின் அடியில் துழாவி, மஞ்சளாக ஒரு கன்மெட்டல் கட்டையை எடுத்தார். வெண்கலத்தின் ஜாதி, இரும்பைவிட மென்மையானது.

"இரும்பு வேண்டாமுங்களா? இதுன்னா சீக்கிரம் தேஞ்சு போகுமே."

"ரெண்டுல ஒண்ணு தேஞ்சுதானே ஆகோணும். போல்ட்டு தேஞ்சது போதுமுங்ண்ணா. இனித் தேயறது நட்டா இருந்துட்டுப் போகட்டும்."

கட்டையை வைஸில் பிடித்து, ஹேக்சாவால் நெட்டுக்கு இரண்டாக அறுத்தார். வெள்ளியங்கிரிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் நட்டே ஆகலீங்களே. அதுக்குள்ள எதுக்குங்க பொளக்கறது?"

"முழுசா இருந்தா நுனி வழியாத்தான் வந்து சேரோணும். பொளந்துட்டா, நேரா அது நிக்கற எடத்துக்கே போயிரலாம்."

அறுத்த முகங்களை ராவிச் சமமாக்கி, இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் சின்ன போல்ட்டுகள் போட்டு ஒன்றாகச் சேர்த்தார். சேர்த்ததை லேத்தில் பிடித்தார். பல்சக்கரங்களை மாற்றி ஆறரைக்கு அமைத்தார்.

"அண்ணா, விசில்?"

"போலாம் ரைட்," என்றார் வெள்ளியங்கிரி.

சிவகாமி உள்ளே துளைத்து மரை வெட்டினார். ஒரு தடவை வெட்டுவார், கழற்றுவார், இரண்டு பாதிகளையும் போல்ட்டின் தேய்ந்த நடுப்பகுதியின் மேல் மூடிப் பார்ப்பார். எங்கே இடிக்கிறது என்று தெரிவதற்காக போல்ட்டில் நீல மையைத் தடவியிருந்தார். மை ஒட்டிய இடத்தை மட்டும் துளி எடுப்பார். மறுபடி மூடிப் பார்ப்பார். அந்தச் சாயங்காலம் அவர் கேஜைத் தொடவே இல்லை. போல்ட் எப்படி இருக்கிறதென்று போல்ட்டிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தேஞ்சது ஒரே சீரா இல்லீங்களே," என்றார் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி. "ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி."

"ஆமாங்ண்ணா. அதனாலதான் மெதுவாப் போறது."

கடைசியில் இரண்டு பாதிகளும் சத்தமில்லாமல் மூடின. பக்கவாட்டுச் சின்ன போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, "இப்பத் திருகுங்க," என்றார் சிவகாமி.

வெள்ளியங்கிரி திருகினார். நட் நகர்ந்தது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கட்டைவிரலால் அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெட்டிப் பார்த்தார். அப்போதும் ஆடவில்லை.

"அளவுப்படி பார்த்தா இது தப்பான நட்டுத்தானுங்களே அம்மிணி?"

"சுத்தத் தப்பு. ஒலகத்துல வேற எந்த போல்ட்டுக்கும் இது ஆகாது."

வெள்ளியங்கிரி தான் முதலில் வெட்டிய நட்டை மேசையிலிருந்து எடுத்தார். பளபளவென்று, ஒரு குறையும் சொல்ல முடியாமல் இருந்தது. அதைக் கையில் உருட்டிக்கொண்டே, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"தெருவுல பேசிக்கறாங்க அம்மிணி. சரசுக்கு மரை கழண்டுருச்சாம்."

"அவங்க மரையைப் பார்த்ததில்லீங்ண்ணா," என்றார் சிவகாமி. "மரை எங்கயாச்சும் கழளுமுங்களா? கழள்றது நட்டுத்தான்."

வெள்ளியங்கிரி அந்த நட்டை இன்னொரு முறை உருட்டிப் பார்த்தார். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, தரையில் கிடந்த மஞ்சள் சுருள்களைப் பெருக்கி அள்ளினார்.

மறுநாள் காலையில் மருதாசலம் வந்து இரும்புக் கையை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போனார். வழக்கமாகத் திரும்பும் நேரம் கடந்துவிட்டது. சிவகாமி ஒரு வேலையை லேத்தில் மாட்டுவதும் சந்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளியங்கிரி வந்தார். சட்டை சுத்தமாக இருந்தது. வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டாங்களாண்ணா?"

"சாப்பிட்டாளுங்க. ரசஞ்சோறு. பீர்க்கங்காய்ப் பொரியலும் கொஞ்சம்."

சிவகாமி லேத்தை நிறுத்தினார்.

"உள்ள போனதும் 'வாங்கண்ணா'ன்னா. 'வந்துட்டேன் பாப்பா'ன்னேன். நடராசன் இவளைப் பாப்பான்னுதான் கூப்பிடுவாரு. வாயில வரவே மாட்டேன்னுச்சுங்க. ஆனா சொல்லிட்டேன். அவ சிரிச்சா அம்மிணி. அவ பல்லைப் பார்த்து எத்தனை நாளாச்சு."

"அப்புறமுங்க?"

வெள்ளியங்கிரி துண்டின் முனையைச் சுருட்டினார், பிரித்தார்.

"நல்லாத் தின்னுட்டு இருந்தவ, பாதிச் சோத்துல என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. 'அண்ணா, உங்க மாப்பிள்ளை இன்னும் வரலீங்ண்ணா'ன்னா. எனக்குப் புரியலீங். 'ஆரு பாப்பா?'ன்னேன். 'டூட்டிக்குப் போனா அவருக்குச் சோத்து நெனப்பே வராது. சோத்துத் தூக்குப்போசியை வேற உட்டுட்டுப் போயிட்டாரு. நான் மட்டும் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கறேன். அவரு சாப்பிட்டாரோ என்னமோ'ன்னு சொல்லிட்டு, வாயை மூடிக்கிட்டா."

சொல்லிவிட்டு வெள்ளியங்கிரி அழுதார். துண்டு கையில் இருந்தும் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

"கலியாணமான நாள்ல இருந்து எங்கிட்ட அவ இப்படி ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. தட்டை வெப்பா, போயிருவா. எல்லாத்தையும் அண்ணங்கிட்டத்தான் சொல்லியிருக்கறா போல."

சிவகாமியின் கண்ணும் நிறைந்துவிட்டது.

"நீங்க என்னங்ண்ணா சொன்னீங்க?"

"'மாப்பிள்ளை சாப்பிட்டாச்சு பாப்பா, நான் கண்ணால பார்த்துட்டுத்தான் வாரேன்'னேன். அப்புறந்தான் மீதிச் சோத்தைத் தின்னா."

சிவகாமி எழுந்து போய்க் கையைக் கழுவினார். தன் டிபன் பாக்ஸை எடுத்து வந்து, மூடியில் பாதிச் சோற்றைப் பிரித்து வைத்து, அவர் முன்னால் நகர்த்தினார்.

"எனக்குப் பசிக்கலீங் அம்மிணி."

"சாப்பிட்டாருன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டு வந்திருக்கீங்க," என்றார் சிவகாமி. "அதைப் பொய்யாக்கிறாதீங்கண்ணா. சாப்பிடுங்க."